எள் கருகவில்லை

எங்கள் அப்பா மயில்வாகனம் நெய்வது பட்டு. ஆனால் பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பந்தி. யார் வீட்டு விசேஷமானாலும் என்ன சமைப்பது, இலையில் எதை எங்கே வைப்பது என்று அவர்தான் சொல்வார். ஒரு காதுகுத்தில் பொரியல் வருவதற்கு முன்பே சாம்பார் வந்துவிட்டது. அந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது இன்றும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

அப்படிப்பட்டவர், தாமலில் ஒரு வீட்டுக்குப் போய் ஒன்றும் சாப்பிடாமல் திரும்புவது என்று முடிவு செய்திருந்தார்.

அது சமையல் காண்டிராக்ட் எடுக்கும் வீராசாமியின் வீடு. அவருடைய மகன் விஷாலும் என் அக்கா துர்காதேவியும் ஒரகடத்தில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள், கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறார்கள். அப்பா சாதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “தாமல் தூரமா இருக்குதே” என்றார். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். ஒரகடம் அதைவிட அதிகம். அக்கா தினமும் போய் வருகிறாள். ஆறு மாதமாகியும் தாமல் மட்டும் கிட்டே வரவில்லை.

கடைசியில் அம்மா தில்லையம்மாள் நான்கு நாள் அவரோடு பேசாமல் இருந்தாள். ஐந்தாம் நாள் அப்பா, ஞாயிற்றுக்கிழமை போய் வீட்டையாவது பார்த்து வரலாம் என்றார். ஒரே நிபந்தனை, அங்கே யாரும் தண்ணீருக்கு மேல் எதையும் தொடக் கூடாது. எங்களிடம் அது பழைய வழக்கம். பெண் கொடுக்கப்போகும் வீட்டில் சாப்பிட்டால் சம்மதம். சாப்பிடாமல் எழுந்து வந்தால் வாயைத் திறக்காமலே மறுத்தாயிற்று.

அக்கா ஒரு திட்டம் போட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வீராசாமிக்கு சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு வளைகாப்பு ஆர்டர். ஏழு வகைச் சாதம், இருநூறு பேர். புளியோதரையில் உப்பைக் குறைத்துவிட்டு, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்று அப்பாவிடம் கேட்க வேண்டியது. அடுத்தவர் சமையலில் தப்புக் கண்டுபிடிக்கும் வாய்ப்பை அவர் இதுவரை விட்டதில்லை. ஒரு வாய் உள்ளே போய்விட்டால் மீதியை அம்மா பார்த்துக்கொள்வாள்.

வீராசாமி ஒப்புக்கொள்ளவில்லை. இருபத்தெட்டு வருஷத் தொழில். மகன் முக்கியமா, உப்பு முக்கியமா என்று அவர் மனைவி செல்லியம்மாள் கேட்டார். வீராசாமி யோசித்துத்தான் ‘மகன்’ என்றார் என்பதில் விஷாலுக்கு இன்றும் வருத்தம்.

போனோம். காபி வேண்டாம் என்றார் அப்பா. பிஸ்கட்டையும் வேண்டாம் என்றார். வீராசாமி எங்களைக் கொல்லைக்கு அழைத்துப் போய், மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார்.

“சார், நீங்க தெரிஞ்சவரு. புளியோதரை எப்பிடி வந்துக்குதுன்னு கொஞ்சம் பாருங்க.”

அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நான்கடி தள்ளி நின்று அண்டாவைப் பார்த்தார்.

“உப்பு கம்மி.”

அவ்வளவுதான். திட்டத்தில் நாங்கள் மறந்துபோனது ஒன்று உண்டு. எங்கள் தெரு அம்மன் கோயிலில் படையலுக்குச் சமைக்கிறவர்களில் அப்பாவும் ஒருவர். சாமிக்குப் படைப்பதை முன்னாலேயே வாயில் வைக்கக் கூடாது. முப்பது வருஷமாக நாக்கில்லாமல் உப்புப் பார்க்கிறார். எப்படி என்று கேட்டால், உப்பு சரியாக இருந்தால் சோறு இப்படி முறைக்காது என்பார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தென்னை மரத்தைப் பார்த்தேன். அப்பா கிளம்புவதற்குத் திரும்பினார். போகிற போக்கில் இலவசமாக இன்னொன்றும் சொன்னார்.

“எள்ளையும் கருக்கிட்டீங்க.”

வீராசாமியின் கையிலிருந்த கரண்டி நின்றது.

“இன்னா சொன்னீங்க?”

“எள்ளு கருகிக்கீது. தறியில ஒரு இழை கறுத்தா எனக்குத் தெரியும். இது தெரியாதா?”

“உப்பு கம்மி, ஒத்துக்கறேன் சார். அது உங்க பொண்ணு சொல்லி நான் கம்மி பண்ணது. எள்ளப் பத்திப் பேசாதீங்க.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். வீராசாமி எதையும் கவனிக்கும் நிலையில் இல்லை.

“அது கறுப்பு எள்ளு. கருகிச்சின்னா கசக்கணும். வாயில போட்டுட்டு சொல்லுங்க. கசந்துச்சின்னா அண்டாவோட ஏரியில கொட்டிடறேன். என் பையன் உங்க பொண்ணு பேரையே எடுக்க மாட்டான்.”

விஷாலை யாரும் கேட்கவில்லை.

எங்கள் தெருவில் போடுவது வெள்ளை எள். அப்பாவுக்கு அது அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சாப்பிடாமல் போனால் தெரியாமல் பேசியவர் ஆகிவிடுவார். இருபது முகூர்த்தங்களுக்குப் பந்தி சொன்னவர் அப்படிப் போக முடியாது. கையை நீட்டினார். செல்லியம்மாள் ஒரு கரண்டி வைத்தார்.

அப்பா மென்றார். கசக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆறு மாதத் தொல்லை அங்கேயே முடிந்துவிடும். யாராலும் மறுத்துப் பேச முடியாது. அம்மா முந்தானையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். எனக்கு மட்டும் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. சோற்றைப் பற்றி அப்பா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. மற்ற எல்லாவற்றைப் பற்றியும் சொல்லியிருக்கிறார்.

“கசக்கல” என்றார்.

பிறகு அவரே கேட்டார். “அரைச்சிப் போட்டதா?”

“இடிச்சது. அரைச்சா எண்ணெ கக்கிடும்.”

அப்பா அண்டாவை இன்னொரு முறை பார்த்தார். இந்த முறை ஓரடி தள்ளி.

“இலை இருக்குதா?”

இருந்தது. ஏழு சாதமும் வந்தன. அப்பளத்தை மட்டும் விரலால் தள்ளி, தன் கணக்கில் அது இருக்க வேண்டிய இடத்தில் வைத்துக்கொண்டார். எலுமிச்சைச் சாதத்தில் ஏதாவது தப்பு கிடைக்குமா என்று தேடினார். தேங்காய்ச் சாதத்தில் இரண்டு முறை தேடினார். தயிர்ச் சாதம் வரை ஒன்றும் அகப்படவில்லை. அவர் எழுந்து கை கழுவுவதற்குள் அம்மா செல்லியம்மாளிடம், நிச்சயதார்த்தத்தை ஆவணியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு முடித்திருந்தாள். செல்லியம்மாளும் தேதியில் இறங்கிவிட்டார். அப்பா ஈரக் கையோடு அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். மறுக்க வாய் திறந்திருக்கலாம். அதில் இன்னும் தயிர்ச் சாதம் இருந்தது.

வீராசாமி உப்பு டப்பாவை எடுத்தார்.

“இருங்க,” என்றார் அப்பா. “நான் போடறேன்.”

“போடுங்க சம்பந்தி.”

அதைக் கேட்டும் அப்பா திரும்பவில்லை. உப்பைக் கையில் அள்ளி எடை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வளைகாப்பில் பரிமாறுவது யார் என்று விசாரித்தார். விஷாலும் அவன் நண்பர்களும் என்றதும் முகம் மாறிவிட்டது. நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். அவர் லோடு ஆட்டோவில் புளியோதரை அண்டாவைப் பிடித்துக்கொண்டு, விஷாலுக்கு எந்தச் சாதத்தை முதலில் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார்.

ராத்திரி வீடு வந்தவர், ஆட்டோவில் பேசி முடிப்பதற்குள் சின்ன காஞ்சிபுரம் வந்துவிட்டது என்று ஆச்சரியப்பட்டார். தாமல் அவ்வளவு கிட்டே இருப்பதை இதுவரை யாரும் தனக்குச் சொல்லவில்லையாம்.