விதவையின் கடைசி அலறல்

மூன்றாவது முறையாக அந்தக் குரல் கேட்டதும் வெரிட்டிக்குச் சந்தேகம் தீர்ந்தது. பிரைடி தன் இடத்துக்குக் குறி வைத்திருக்கிறாள்.

இங்கிலாந்தின் சஃபோக் கடற்கரையில், ஒரு காலத்தில் பார்லி கிடங்காக இருந்த சின்ன அரங்கு. நாலு பாடகர்கள், கைக்கடக்கமான வாத்தியக் குழு, பேய்க் கதை ஒன்றிலிருந்து ஆக்கிய ஓபரா என்ற புது இசை நாடகம். வெரிட்டிக்கு விதவை வேடம். பிரைடி, கடலில் மூழ்கிச் செத்த அந்த விதவையின் தங்கையுடைய ஆவி; மேடைக்கே வராமல் திரைக்குப் பின்னால் நின்று பாடுபவள். வெரிட்டி நோயில் படுத்துவிட்டால் விதவையாகப் பாடவேண்டியவளும் அவள்தான். சந்தேகத்துக்கு இது போதாதா?

கடைசிக் காட்சியில் தங்கையின் பெயரைச் சொல்லி விதவை உச்சஸ்தாயியில் அலறவேண்டும். அங்கே ஆவிக்கு வேலையே இல்லை. ஒத்திகையில் வெரிட்டி அதை அரைக்குரலில்தான் பாடினாள். தொண்டையை மிச்சம் பிடிக்க எல்லாரும் செய்வது. ஏன் என்று கேட்பது அந்தத் தொழிலில் அநாகரிகம். குளிர்காலத்தில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அந்தச் சுரம் எட்டுகிறதா என்று அவளே பாடிப் பார்க்கவில்லை. பயம்தான். ஆனால் அவள் அரைக்குரலோடு திரைக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல் மெல்ல ஒட்டிக்கொண்டு வந்தது.

"என் சுரத்துல உனக்கென்னடி வேலை?" தேநீர் இடைவேளையில் மடக்கினாள்.

"எந்தச் சுரம்?" பிரைடி கோப்பைக்குள்ளேயே பார்த்தாள்.

"பழைய கட்டடம் வெரிட்டி, காத்து ஊளையிடும்" என்றார் வாத்தியக் குழுவை நடத்தும் லயனல், யாரும் கேட்காமலே.

இருவரும் கூட்டு! முழுக்குரலில் பாடியே ஆகவேண்டிய கடைசி ஒத்திகையில், அந்த இடம் வந்தபோது வெரிட்டி வாயை இறுக மூடிக்கொண்டாள். திருடியைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

அலறல் வந்தது. முழுசாக, பிசிறில்லாமல். லயனலின் இடது கை திரையை நோக்கிச் சைகையாக உயர்ந்திருந்தது. வயலின்காரி தலையைக் குனிந்துகொண்டாள். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

"எப்பலேர்ந்து?" வெரிட்டி திரையை விலக்கினாள்.

"ரெண்டாவது வாரத்துலேர்ந்து," பிரைடிக்குக் கண் கலங்கியிருந்தது. "மிச்சம் பிடிக்கறீங்கன்னுதான் முதல்ல நெனச்சோம். அப்புறம் சுரம் எட்டலையோன்னு தோணிச்சு. கேக்க மனசு வரல."

லயனல் ஓடிவந்தார். "அந்த மூடின வாய்! எனக்கே சிலிர்த்துப்போச்சு. நாளைக்கும் அப்படியே வெச்சுக்கோ."

மறுநாள் அரங்கேற்றத்தில் வெரிட்டி வாயை மூடிக்கொண்டாள். அலறல் திரைக்குப் பின்னாலிருந்து எழுந்தது. அவள் வாழ்நாளில் வாங்காத கைதட்டல். ஆவி கடைசி வணக்கத்துக்கும் மேடைக்கு வரக்கூடாது என்பது ஏற்பாடு. திரை இடுக்கில் பிரைடியும் கைதட்டிக்கொண்டிருந்தாள். திருடி யார் என்று இப்போது தெரிந்தது. வெரிட்டி இன்னொரு முறை குனிந்து வணங்கினாள்.