பனிக்குக் கீழே பச்சை ஓட்ஸ்

செப்டம்பரிலேயே உறைபனி தொடங்கிவிடும் லேனா ஆற்றங்கரையில் குன்னேய் ஜூலை பாதியில் ஓட்ஸ் விதைத்ததைப் பார்த்து, பக்கத்துப் பண்ணை எர்ச்சிம் சிரித்தான்.

"கதிர் வர்றதுக்குள்ள உறைஞ்சிடும்க்கா. அப்புறம் உன் குதிரைங்க பனியையா திங்கும்?"

"கதிர் யாருக்குடா வேணும்? பச்சையாவே உறையட்டும்."

குளிர் மெல்ல இறுகினால், பிழைத்துக்கொள்ள இலைகள் தமக்குள் சர்க்கரையும் கொழுப்பும் சேர்க்கும் என்று அவள் நம்பினாள். குளிர்காலத் தீவனம் முழுக்க அந்த நம்பிக்கையில்தான் இருந்தது.

நவம்பரில் குதிரைகளை வயலில் விட்டாள். மூத்த பெட்டைக்குதிரை குளம்பால் பனியைக் கிளறியது. அடியில் இலைகள் பச்சை மாறாமல் உறைந்திருந்தன. குன்னேய் ஒன்றை மென்றாள், இனித்தது.

எர்ச்சிமின் குதிரைகள் காய்ந்த புல்லை விட்டுவிட்டு வேலியோரம் வந்து நின்றன.

"அக்கா, இதுங்களையும் உள்ள விடேன்."

"நான் சரியான நாள்லதான் விதைச்சேன்னு ஊருக்கே கேக்குற மாதிரி சொல்லு, விடுறேன்."

எர்ச்சிம் வேலிமேல் ஏறிக் கத்தினான். குன்னேய் அவனை இரண்டாம் முறையும் கத்தவிட்ட பிறகே கதவைத் திறந்தாள்.