மெழுகுக்குள் ஒரு துண்டுக் கால்

இளகாது, உடம்புச் சூட்டுக்கெல்லாம் மெழுகு இளகாது, ஆனாலும் ஜெனோவேவா பாவாடைப் பையிலிருந்து கையை எடுக்கவில்லை, தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு மெழுகுக் கட்டி, நடுவில் அவரைக்கொட்டை அளவுக்கு ஒரு துண்டுச் சதை, இதே மாதிரி இன்னொன்றை நேற்று காலை இந்தச் சோதனைக்கூடத்துச் சன்னலுக்குள் நீட்டினாள், அதற்கான பதிலுக்குத்தான் இன்று இந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்... இரண்டில் எது அவளுடைய கால்? சாவோ லூயிஸ் நகரத்தின் ஈரப்புழுக்கம், கெண்டைக்காலில் சுற்றிய துணி நனைந்து நாறுகிறது, பக்கத்தில் இருந்தவள் மெல்ல நகர்ந்து உட்கார்கிறாள், நகரட்டும், இந்த நாற்றத்தோடு நாலு வருஷமாகப் படுத்து எழுந்திருப்பவள் இவள். முதலில், பிழைப்புக்கு உடைக்கிற பாபசுப் பனங்கொட்டையின் ஓடு குத்திய ஒரு புள்ளி, அப்புறம் மரு, அப்புறம் பூக்கோசு மாதிரி வெடித்துக் கெண்டை முழுக்கப் பரவியது. கூடக் கொட்டை உடைக்கிற இசாவுரா சிரித்தாள், “ஏன்டி, உன் காலை உடைச்சாலும் பருப்பு வரும்போலயே!” அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள், இவளும்தான். இப்போது யாரும் சிரிப்பதில்லை. புற்று, நாளை வியாழக்கிழமை முட்டியோடு எடுத்துவிடுவோம் என்று ஊர் ஆஸ்பத்திரியில் நாள் குறித்துவிட்டார்கள். தரையில் உட்கார்ந்து, கோடரியின் வாய் மேலே பார்க்க வைத்து, காம்பை வலது காலால் அமுக்கிப் பிடித்தால்தான் கொட்டையை அதன்மேல் வைத்துத் தடியால் அடிக்க முடியும், பதினோரு வயதிலிருந்து அந்தக் கால்தான் பிடிக்கிறது, காலை எடுத்துவிட்டால் கோடரியை யார் பிடிப்பது, டாக்டரா வந்து பிடிப்பார்?

இந்தச் சோதனைக்கூடத்துத் தெல்மா டாக்டரம்மா மட்டும்தான் வேறு மாதிரி சொன்னாள். “புத்து மாதிரி வேஷம் போடுற பூஞ்சை ஒண்ணு இருக்கும்மா. அதுன்னா மாத்திரை போதும், ஒரு வருஷம் ஆனாலும் கால் இருக்கும்.” ஆனால் புதிதாக வெட்டிப் பார்க்கக் காலில் நல்ல சதை ஏது, முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி இவளே கருக்கி வைத்திருக்கிறாள், எல்லாரும் செய்வதுதானே... அதற்கு முன்னால் ஊர் ஆஸ்பத்திரியில் சோதனைக்காக வெட்டி மெழுகில் பதித்து வைத்த துண்டுதான் மிச்சம், கையெழுத்துப் போட்டு வாங்கி வா என்றார்கள், வாங்கினாள், வீட்டு மேசையில் வைத்தாள், அங்கேதான் புத்தி கெட்டது. மறுநாள் பார்த்தால் மேசை காலி. நாத்தனார் டால்வினா தலை நிமிர்ந்து சொல்கிறாள், “கோயில்ல வச்சுட்டேன் அண்ணி. நேர்த்திக்கடனுக்குக் கடையில விக்கிற மெழுகுக்கால்ல வெறும் மெழுகுதான். இதுல உங்க சதையே இருக்கு. புனிதர் எதை முதல்ல பாப்பாரு, சொல்லுங்க?” திட்டி என்ன, அவளும் முட்டி போட்டு அழுதுவிட்டுத்தான் வைத்திருக்கிறாள், இவள் கோயிலுக்கு ஓடினாள். கோயிலின் பக்கத்து அறையில் மெழுகுக்கால்கள், கைகள், முலைகள், குழந்தைத் தலைகள், உத்தரம் முழுக்கத் தொங்குகின்றன, கீழே மெழுகுவர்த்திகளின் அனலில் அந்தச் சின்னக் கட்டி... ஒன்றில்லை, இரண்டு. இன்னொரு வீட்டிலும் ஒரு டால்வினா இருந்திருக்கிறாள். இரண்டிலும் புகைக்கரி, இரண்டிலும் உருகி வழிந்த மெழுகு ஆஸ்பத்திரி எழுதிய எண்களை மூடியிருந்தது. இரண்டையும் எடுத்தாள். புனிதரிடமிருந்து திருடுகிறோமே என்று சிலுவை போட்டுக்கொண்டாள், அந்த இன்னொரு துண்டின் சொந்தக்காரனிடமிருந்து திருடுகிறோமே என்று தோன்றவில்லை.

நேற்று அந்தச் சன்னல் பெண் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நம்பர் அழிஞ்சிருக்கே. இது உங்களுதுதானாம்மா?” “என் சதை எனக்குத் தெரியாதா?” “சந்தேகம்னா சொல்லுங்க, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஒப்பிட்டுப் பாத்துரலாம்.” வேண்டாம் என்று சட்டென்று சொன்னாள், அவ்வளவு சட்டென்று ஏன் சொன்னாள்? டாக்டரம்மா வேறு வந்து தோளைத் தொட்டு, “கொரோனாவுக்கு மூக்குல குச்சி விட்டுப் பாத்தாங்கல்ல, கிட்டத்தட்ட அதுதான். மெழுகைக் கரைச்சு, பூஞ்சையோட மரபணு மிச்சமிருக்கான்னு தேடுவோம்,” என்றாள், மெழுகில் அவ்வளவு நாள் கிடந்தது எப்படி மிச்சமிருக்கும், அனல் வேறு பட்டிருக்கிறது என்று இவளுக்குள் ஓடியது. வெளுப்பாக இருந்ததை நீட்டினாள், கறுத்ததைப் பைக்குள் போட்டாள், வெளுப்பு நல்ல சதை மாதிரி இருந்தது, அவ்வளவுதான் காரணம்... அவ்வளவுதானா? நீட்டியது அந்த இன்னொருவனுடையதாக இருந்து, அதில் பூஞ்சை இருந்தால்? இவள் மாத்திரையைத் தின்றுகொண்டிருப்பாள், உள்ளே புற்று இவளைத் தின்றுகொண்டிருக்கும். அவனோ, அவளோ, தன் துண்டைக் கோயிலில் தேடிப்போய் வெறும் கரியைப் பார்ப்பாள். அவளுக்கும் ஒரு வியாழக்கிழமை குறித்திருப்பார்கள். அவள் காலும் ஏதாவது ஒரு கோடரியைப் பிடித்திருக்கும்.

கதவு திறந்தது. “ஜெனோவேவாம்மா, உள்ள வாங்க, வாங்க!” டாக்டரம்மா சிரிக்கிறாள், பல் தெரியச் சிரிக்கிறாள், அப்படியானால் பூஞ்சைதான், அந்த வெளுத்த சதையில் பூஞ்சைதான், மாத்திரை, கால், கோடரி, எல்லாம் அந்தச் சிரிப்பில் இருக்கிறது. எழுந்தாள், வலது காலை ஊன்றினாள், வலி முட்டிவரை ஏறியது, இது என் வலி, இதில் மட்டும் சந்தேகமில்லை. ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான் கேட்டார்கள். எது யாருடையது என்று தெரியாதவரை நல்ல பதில் தன்னுடையதாகவும் இருக்கலாம், பாதிக் காலாவது தன்னுடையது, அதனால்தான் வேண்டாம் என்றிருக்கிறாள், வெட்கத்தால் இல்லை, பயத்தால்கூட இல்லை... “என்னம்மா பையில? மாத்திரை எழுதணும், உக்காருங்க,” என்கிறாள் டாக்டரம்மா, பேனாவைத் திறந்தபடி. பைக்குள் கட்டியின் ஒரு முனை விரல் அழுந்தி அழுந்தி மழுங்கிப்போயிருந்தது, இன்னும் அழுத்தினால் சதையே கையில் தட்டுப்படும் போலிருந்தது.