இடது பக்கத்து டொக்

ஜீவராணிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நுவரெலியா டவுனில் இருக்கும் இந்தக் கராஜுக்கு மூன்றாவது தடவையாகக் காரைக் கொண்டுவந்திருக்கிறாள். மெக்கானிக் பிரதாப் மூன்றாவது தடவையாகவும் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, சாவியை அவளிடம் தராமல் அவள் புருஷன் முத்துலிங்கத்திடம் நீட்டினான்.

“ஒரு சத்தமும் இல்லண்ணே. கார் பழசு, அக்கா சும்மா பயப்புடுறாங்க.”

முத்துலிங்கத்துக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. டயகம தேயிலைத் தோட்டத்திலிருந்து அத்தனை வளைவையும் ஓட்டி வருகிறவள் ஜீவராணிதான். லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டு மீனம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. ரத்தம் சுத்தம் பண்ண வாரத்தில் இரண்டு நாள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவருவது அந்தக் காலத்துச் சிறீ நம்பர்த் தகடு போட்ட இந்தப் பழைய கார்தான். அது நடுவழியில் படுத்துவிட்டால் அந்த உயிரின் கதி என்ன?

“பின்னால, இடது பக்கம், தம்பி. ஏத்தத்துல திரும்பும்போது ஒரே ஒரு டொக்.”

“போன தடவ கடக்குன்னு சொன்னீங்களேக்கா?”

“டொக்குன்னுதான் சொன்னேன்!”

சத்தத்துக்குப் பேர் வைக்கவா இத்தனை தூரம் வந்தாள்? இவன் காதில் விழாவிட்டால் சத்தமே இல்லை என்றாகிவிடுமா? என்ன திமிர்! அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுவரோரத்து வாங்குப் பலகையில் மீனம்மா, ஊசி குத்திய கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு, மகள் சர்மிளாவின் தோளில் சாய்ந்திருந்தாள். போன தடவையும் இதே வாங்குதான். அதற்கு முந்தின தடவையும் இதே வாங்குதான். “ஆள எறக்குங்க, ஓட்டிப் பாக்கணும்” என்று அந்தச் சீக்காளியைக் குளிரில் உட்கார வைத்துவிட்டு, வெறும் காரையல்லவா இவன் ஓட்டியிருக்கிறான்!

அடப்பாவி!

“பெரியம்மா, ஏறுங்க. சர்மிளா, நீயும் ஏறு.” புருஷனை முன் சீட்டுக்குத் தள்ளிவிட்டு பிரதாப்பைப் பார்த்தாள். “நீ பின்னால ஒக்காரு, தம்பி. இடது மூலையில.”

“எனக்கு வேல கெடக்குக்கா.”

“இதுவும் வேலதான். ஏறு.”

குரலில் இருந்த சூட்டுக்கு அவன் கையைத் துடைத்துக்கொண்டு ஏறினான். கராஜுக்கு மேலே உள்ள ஏற்றத்தில் காரை விட்டாள். முதல் வளைவிலேயே, அவன் உட்கார்ந்த இடத்துக்கு நேர் கீழே, டொக்! அடுத்த வளைவில் இன்னும் பலமாகக் கேட்டது.

“மெதுவா கராஜுக்கே திருப்புங்கக்கா” என்றான் பிரதாப்.

வந்ததும், மற்றவர்களை இறங்க விடாமல், டார்ச்சோடு அடியில் புகுந்தான். வெளியே வந்தபோது அவன் முகம் செத்துப்போயிருந்தது.

“பின் சக்கரத்தத் தாங்குற மெயின் ஸ்பிரிங் பட்டை பாதிக்கு மேல வெடிச்சிருக்கு. வெறும் கார்ல வெடிப்பு விரியல, சத்தமும் வரல. நானுஓயா எறக்கத்துல விட்டுப்போயிருந்தா…” அதோடு நிறுத்தியிருக்கலாம். “புதுசு போட்டுத் தாரேன். ஆனா இனிமே ஆளக் கொறைங்கக்கா. இந்தக் காருக்கு இவ்வளவு பாரம் ஆகாது.”

பின்னால் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மீனம்மா ஒரு காலைக் கீழே வைத்திருந்தாள்.

“நான் இனிமே வரல, புள்ள. என்னாலதான் ஒனக்கு இத்தன கஷ்டம்.”

ஜீவராணிக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

“ஒடஞ்சது பட்டை, பெரியம்மா! நீங்க இல்ல!”