இருபத்தொன்பது பேர் வீட்டுக்குப் போனார்கள்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, ஒரு டாக்டரிடமிருந்து பிடுங்கியது. வியட்நாமின் கான்தோவில் பதினாறு வருடமாக இருக்கிறேன். எதிர்வீட்டு டாக்டர் மியென் இன்று காலை காபிக் கடையில், "என் ஆராய்ச்சி முழுக்கத் தப்பு" என்று சொல்லிவிட்டு வெறும் ஐஸைக் கலக்கிக்கொண்டே இருந்தார். மீதியைக் கேட்டு வாங்க ஒரு மணி நேரம் ஆனது.

2

முதல் தொடக்கம்: 'மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு' – வேண்டாம். மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது: தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு மியென் முதல் மணி நேரத்திலேயே ஈசிஜி எடுத்துவிடுவார். மூளை வீங்கினால் இதயத்தின் கோடும் கோணலாகும். எந்தக் கோணல் சீக்கிரச் சாவைக் காட்டுகிறது என்று மூன்று வருடம் கணக்கெடுத்தார். மோசமான கோடு முப்பத்திரண்டு பேருக்கு இருந்தது. முப்பத்திரண்டு பேரும் இறந்தார்கள்.

[இறந்தார்கள் என்றா எழுதினேன்? இருபத்தொன்பது பேருக்கு ஏட்டில் இருப்பது 'வீட்டுக்குப் போனார்'. இங்கே வெளியில் உயிர் போனால் உடலை வீட்டுக்குள் ஏற்ற மாட்டார்கள். அதனால் கோடு மோசம் என்று கேட்டதுமே, மூச்சு இருக்கும்போதே, கையால் காற்றுப்பையை அமுக்கிக்கொண்டே கூட்டிப்போய், முன்னோர் படத்துக்கு முன்னால் கிடத்தி, தொண்டையில் செருகிய குழாயை எடுப்பார்கள். மியென் அவர்களையும் சாவுக் கணக்கில் சேர்த்திருந்தார்.]

3

நான் அங்கே இல்லை. அவர் சொன்னதை வைத்துத்தான் கட்டுகிறேன்.

ஹௌ, பைக்கில் துரியன் பழம் ஏற்றிப் போகிறவர். நேற்றுப் பாலத்தில் விழுந்து பின்மண்டையில் அடி. கோடு மோசம். அண்ணன் லோக், வீட்டுக்குக் கொண்டுபோக வண்டிக்குச் சொல்லிவிட்டே வந்து நின்றார்.

"டாக்டரம்மா, கோட்டப் பாத்தா தெரிஞ்சிடுமாமே. எத்தன நாளுன்னு சொல்லிடுங்க, நாங்க கெளம்பறோம்."

மியென் [இங்கே அவர் கண்கலங்குவதாக எழுதி அடித்தேன், அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை] காகிதத்தைக் கொடுக்காமல் நின்றார். அந்த இருபத்தொன்பது பேரில் எத்தனை பேரை அடி கொன்றது, எத்தனை பேரைத் தன் கோடு கொன்றது? இனி அது தெரியவே தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

"மோசந்தான், மறைக்கல. ஆனா இப்படிக் கூட்டிட்டுப் போனவங்களுக்கு என்ன ஆயிருக்கும்னு யாரும் காத்திருந்து பாக்கல. நானும் பாக்கல, தப்பு எம்மேலதான். ஏழு நாள் குடுங்க."

"இங்கயே போயிட்டா? என் தம்பி வாசலுக்கு வெளிய கெடப்பானா? அம்மா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

ஹௌவின் மனைவி துயெத் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார்.

"கெடக்கட்டும் அண்ணே. பந்தல் போட்டு நானும் வெளியவே உக்காந்துக்கறேன். குழாயில மட்டும் யாரும் கை வைக்க வேணாம்."

"உனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி, தங்கச்சி."

"ஆமா. அவரும் அதத்தான் சொல்லுவாரு."

4

இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன். ஹௌ நான்காம் நாள் கண்விழிக்கிறார்: ஆறுதல் பரிசு. ஐந்தாம் நாள் இறக்கிறார், துயெத் பந்தலில் உட்கார்கிறார்: அழகாகத்தான் வந்தது, அதனாலேயே கிழித்தேன்.

பிறகுதான் பிடிபட்டது. ஆள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே முடிவை எழுதிவைப்பதுதான் அந்த இருபத்தொன்பது பேருக்கும் நடந்தது. முப்பதாவது முடிவை நான் எழுத மாட்டேன். நீங்களும் அவசரப்படாதீர்கள்.

இன்று இரண்டாம் நாள். லோக் வண்டிக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டார், அவர் போன் நம்பரை மட்டும் அழிக்கவில்லை. துயெத் கட்டிலோரம் உட்கார்ந்து, கணவரின் நகக்கண்ணில் ஒட்டிய துரியனைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. கூட வந்து உட்காருங்கள்.