சம்பந்தியம்மாவிடம் சொன்ன டெமோ

தையற்கடைக்காரியின் வாய் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. அவளுக்கு ஜப்பானிலிருந்து மருமகள் வாய்த்தாள். மருமகளாவது தட்டுத்தடுமாறித் தமிழ் பேசிவிடுவாள். அவளுடைய அம்மா முதல்முறையாக வீட்டுக்கு வருகிறாள் என்றதும் கடைக்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மகன் சாப்பாட்டு மேசையிலேயே பாடம் எடுத்தான். சொற்கள் சீக்கிரம் படிந்துவிட்டன. வாக்கியங்களைக் கோப்பதில்தான் திண்டாட்டம்.

“துணிய வெட்டி வச்சா மட்டும் சட்டை ஆயிடுமாம்மா? தைக்கணும்ல? ‘சொஷிதெ’ன்னா ‘அப்புறம்’. ‘டெமோ’ன்னா ‘ஆனா’. ‘தகரா’ன்னா ‘அதனால’.”

“தகராங்கிறது தகராறுல பாதி. டெமோங்கிறது மெஷின் விக்கிறவன் காட்டுறது. அங்க நல்லா ஓடும், ஆனா வீட்டுக்கு வந்தா ஓடாது. ரெண்டும் மனசுல நின்னுடுச்சு. அந்த சொஷி... கிஷிதான் நாக்குல நிக்க மாட்டேங்குது.”

சம்பந்தியம்மா வந்த மறுநாள் மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டோடு ஒட்டியிருந்த கடையில் இரண்டு அம்மாக்கள் மட்டும். கடைக்காரி தொண்டையைச் செருமிக்கொண்டு, மருமகளை ஜப்பானிய மொழியில் புகழத் தொடங்கினாள். அவசரத்தில் நாக்கு, பழகிய சொல்லையே பிடித்துக்கொண்டது. அவள் சொன்னதன் பொருள் இதுதான்:

“உங்க பொண்ணு நல்லவ. டெமோ, கெட்டிக்காரி. டெமோ, உயரமானவ.”

முதல் டெமோவில் சம்பந்தியம்மாவின் சிரிப்பு வாடியது. இரண்டாவதில் எழுந்து நின்று, மகளின் உயரத்துக்கே மன்னிப்புக் கேட்பவள்போலத் தலைகுனிந்தாள்.

கடைக்காரிக்குச் சுருக்கென்றது. ‘ஐயோ! நல்லவ, ஆனா உயரம்னுல்ல சொல்லித் தொலைச்சிருக்கேன்!’

மகனுக்குப் போன் அடித்தாள், எடுக்கவில்லை. சரி, கிழித்தவளே தைக்க வேண்டியதுதான். ஓடிப்போய் மேல்தட்டில் இருந்த துணிச்சுருளுக்குக் கையை நீட்டினாள். எம்பினாள். எட்டவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, முனகி, இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் குட்டை. தகரா, கஷ்டம்.” இறங்கி வந்து, மருமகள் நடப்பதுபோலவே நடந்து, சுருளை அலுங்காமல் எடுப்பதாகப் பாவனை செய்தாள். “டெமோ, உங்க பொண்ணு உயரம். தகரா, எனக்கு சந்தோஷம்!”

சம்பந்தியம்மா முக்காலியைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக, தமிழில் சொன்னாள்.

“உங்க பையன் நல்லவர். அப்புறம், அழகு.” கொஞ்சம் நிறுத்தினாள். “ஆனா, குறட்டை.”

கடைக்காரிக்குப் பொறி தட்டியது. கள்ளி! இவளும் மகளிடம் ரகசியமாகப் பாடம் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள்!

“அப்படிச் சொல்லுங்க சம்பந்தியம்மா! அவங்கப்பா குறட்டையும் அதேதான்!” என்று தமிழிலேயே கத்தினாள். சம்பந்தியம்மாவுக்கு எவ்வளவு புரிந்ததோ, அவளும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

மாலையில் வீடு திரும்பிய மகன், வாசலிலேயே நின்றுவிட்டான். சம்பந்தியம்மா பொத்தான்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள். அவன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, புரியுதா ரெண்டு பேருக்கும்?”

“நீ முதல்ல டாக்டர்கிட்ட மூக்கக் காட்டு” என்றாள் அம்மா.