பதினோரு மீட்டர் ரோல்

மருத்துவமனையின் கடிதம் முந்தைய நாள் மாலை நாலு பத்துக்கு வந்திருந்தது. ஒப்பந்த விஷயங்களுக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்திருக்கிறோம். அதை நான் தினமும் காலையில் ஒருமுறைதான் திறப்பேன். அன்று திறந்தபோது மணி ஒன்பதேகால். பதில் சொல்ல இருபத்து நான்கு மணி நேரம் கொடுத்திருந்தார்கள். அதில் பதினேழு மணி நேரத்தை நான் வீட்டில் சாப்பிட்டு, தூங்கி, மெட்ரோவில் நின்றபடி கழித்திருந்தேன்.

விஷயம் இதுதான். தேவைப் பட்டியலில் எங்களுக்கு மட்டும் அனுப்பிய 137ஆவது வரி, இன்னொரு நிறுவனம் கொடுத்த கொட்டேஷனில் இருக்கிறது. பிரிவு 14இன்படி விளக்கம் வேண்டும். வராவிட்டால் மாலை 4.10க்கு இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள்.

இணைப்பு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். டெல்லியில், ஓக்லா தொழிற்பேட்டை இரண்டாம் ஃபேஸில் எங்கள் ஷெட். சத்திரப்பட்டியிலிருந்து காயத்துக்குக் கட்டும் காஸ் துணி வருகிறது; அதை வெட்டி, சுருட்டி, கிருமி நீக்கி, பாக்கெட் போட்டு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறோம். முப்பத்தெட்டுப் பேர் வேலை செய்கிறோம். எங்களிடமிருந்து கிளம்பும் நூறு பெட்டிகளில் எழுபது ஒரே மருத்துவமனைக் குழுமத்துக்குப் போகிறது. அங்கிருந்து யாரும் போன் செய்து ஆர்டர் சொல்வதில்லை. அவர்களுடைய ஸ்டோரில் இருப்பு குறைந்ததும் அவர்களுடைய கம்ப்யூட்டர் எங்கள் கம்ப்யூட்டருக்கு ஆர்டர் அனுப்பும். எங்களுடையது "கிடைத்தது" என்று பதில் அனுப்பும். வண்டி கிளம்புவதற்கு முன்பே எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடும். வருடத்துக்குப் பல ஆயிரம் செய்திகள், ஒன்றில்கூட யாருடைய கையெழுத்தும் கிடையாது.

அத்தனைக்கும் பின்னால் ஒரே ஒரு கையெழுத்து இருக்கிறது. முப்பத்தோரு பக்க ஒப்பந்தம், முதலாளி சுந்தரவல்லியின் பீரோவில். எந்தச் செய்தியை உண்மையான ஆர்டராக எடுத்துக்கொள்ளலாம், தவறாக வந்தால் யார் பொறுப்பு என்றெல்லாம் அதில் இருக்கிறது. முக்கியமாக, இந்தக் கம்பி வழியாக வரும் எதையும் மூன்றாம் ஆள் பார்க்கக் கூடாது. அடுத்த மூன்று மாதத்துக்கு அவர்களுக்கு என்ன வேண்டும், எவ்வளவு விலைவரை கொடுப்பார்கள் என்பது வெளியே தெரிந்தால் போட்டியாளர்கள் அதற்கு ஒரு ரூபாய் கீழே சொல்லி உள்ளே வந்துவிடுவார்கள்.

சரி, 137ஆவது வரி. ஏழரை சென்டிமீட்டர் அகலம், பதினோரு மீட்டர் நீளம், காஸ் ரோல், நானூறு எண்ணம். அந்த நீளத்தில் நாங்கள் ரோல் செய்வதில்லை. எங்களுக்குத் தெரிந்து யாருமே செய்வதில்லை. சலவைக்காரர் ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் தனிக் குறி போடுவார் அல்லவா, அதுபோல மருத்துவமனை வைத்த குறி அது. ஒரே பட்டியல்தான் பல சப்ளையர்களுக்குப் போகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பொய் வரி மட்டும் வேறு. பக்கத்துச் சந்திலிருக்கும் போட்டி நிறுவனத்தை நாங்கள் 'வெள்ளை ஷெட்' என்போம். அவர்கள் பட்டியலின் 214 வரிக்கும் அதில் இருந்த விலையைவிடக் கொஞ்சம் குறைத்து விலை போட்டிருந்தார்கள். உலகத்தில் இல்லாத பதினோரு மீட்டர் ரோலுக்கும் சேர்த்து. கழுத்தில் கத்தி இருந்த நேரத்திலும் அந்த ஏற்பாட்டின் நேர்த்தி எனக்குப் பிடித்திருந்தது.

"காலங்காத்தால மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு, ஹரி?" என்றார் சுந்தரவல்லி. நான் கடிதத்தைக் காட்டினேன். நின்றபடியே இரண்டு தடவை படித்தார்.

"இந்தப் பதினாலு என்ன சொல்லுது?"

"நான் கேட்டு வாங்கின பிரிவு அது, அக்கா. கசிஞ்சா உடனே கட் பண்ணுவோம்னுதான் முதல்ல எழுதியிருந்தாங்க. ஒத்துக்கறவனுக்கும் மறைக்கறவனுக்கும் ஒரே தண்டனைன்னா யாரு வந்து சொல்லுவான்னு நாலு மணி நேரம் வாதாடினேன். இப்ப, எது போச்சு, எப்படிப் போச்சு, யார் கையால போச்சுன்னு இருபத்துநாலு மணி நேரத்துல உள்ளதைச் சொல்லிட்டா, சரி பண்ண முப்பது நாள் தருவாங்க. இணைப்பு அப்படியே இருக்கும்."

"சொன்னது பொய்யின்னா?"

"அப்பவே கட். திரும்ப வராது."

அதற்கு ஈடாக அவர்கள் ஒரு நிபந்தனை கேட்டிருந்தார்கள். யார் கையால் கசிந்ததோ, அவர் அதன் பிறகு இந்தத் தரவைத் திறக்கவோ காணவோ கூடாது. 'காணவோ' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னது நான்தான். திறக்கக் கூடாது என்று மட்டும் எழுதினால், நாற்காலிக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பவரை எப்படித் தடுப்பது?

"யாரு தொறந்தாங்கன்னு மிஷின்லயே தெரியுமே?" என்றார்.

தெரிந்தது. அந்தப் பட்டியலைத் திறந்தவர்கள் இரண்டே பேர். ஹரிஷங்கர், அதாவது நான். இன்னொருவர் ப்ரணவ், என்னிடம் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஏழு வாரத்துக்கு முன் விலகியவன்.

"அவந்தான். வெள்ளை ஷெட்டுக்கு இன்டர்வியூ போனான்ல?"

"போனான், ஆனா அங்க சேரலையேக்கா."

"வெறுங்கையோடவா போயிருப்பான்? எழுதுங்க அவன் பேரை."

"கேக்காம எப்படி எழுதறது? பொய்யாப் போச்சுன்னா நம்ம கதை முடிஞ்சுது."

"அப்ப கேளுங்க. எம்புட்டு நேரம் இருக்கு?"

ஆறரை மணி நேரம் இருந்தது. ப்ரணவ் போனை எடுக்கவில்லை. பத்து மணிக்கும் எடுக்கவில்லை, பதினொன்றுக்கும் எடுக்கவில்லை. 'அவசரம், கூப்பிடு' என்று செய்தி அனுப்பினேன். ஒரு டிக்கோடு நின்றது. பன்னிரண்டரைக்கு பேக்கிங் பகுதியிலிருந்து வடிவு கதவருகே வந்து நின்றாள். தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப்பை இடித்த பிறகு, டெல்லியின் மறுகோடியான நரேலாவிலிருந்து மூன்று பஸ் மாறி வருகிறவள்.

"சார், முதலாளி தீதி முகம் சரியில்ல. சாயங்கால வண்டி போகும்தானே?"

"போகும் வடிவு."

"போகாதுன்னா முன்னாடியே சொல்லிடுங்க சார். நரேலா பக்கமே எதையாவது பாத்துக்கறேன்."

அவள் போன பிறகு நான் ப்ரணவ் பெயரை வைத்து ஒரு வரி எழுதிப் பார்த்தேன், பிறகு அழித்தேன். எழுதும்போது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒன்று இருபதுக்கு அவனே கூப்பிட்டான்.

"அண்ணா, சாரி, இன்னொரு இன்டர்வியூ. போன் ஆஃப்ல இருந்துது. இப்பதான் முனிர்கா ரூமுக்கு வந்தேன். க்யா ஹுவா, என்ன ஆச்சு?"

சொன்னேன்.

"மத்லப், அதாவது நான் வித்துட்டேன்னு நினைக்கறீங்களா?"

"நினைக்கல. கேக்கறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். நான் ஸ்க்ரீன்ல பாத்தேன் அண்ணா, அவ்வளவுதான். அந்த வாரம் பிரிண்டரே ஓடல, ஞாபகம் இருக்கா? ரோலர் உடைஞ்சு கிடந்தது. நீங்கதான் பேப்பர் கட்டை வெச்சுண்டு பச்சைப் பேனால டிக் அடிச்சிட்டு இருந்தீங்க. எனக்கு அந்தப் பேப்பரைக்கூடக் குடுக்கல. 'ரகசியம்'னு சொன்னீங்க."

எனக்கு எண்களைத் திரையில் படித்தால் மனதில் நிற்காது. காகிதத்தில் வேண்டும், ஒவ்வொன்றாக டிக் அடிக்க வேண்டும். பட்டியல் வந்த வாரமும் அப்படித்தான் செய்தேன். பிரிண்டர் ஓடாத வாரத்தில் அந்தக் காகிதம் எங்கிருந்து வந்தது?

"அண்ணா? லைன்ல இருக்கீங்களா? நாளைக்கு குர்காவ்ல ஆஃபர் லெட்டர் தராங்க. உங்க கம்பெனிக்கு போன் பண்ணி விசாரிப்பாங்க. ப்ளீஸ், என் பேரை அதுல போடாதீங்க."

"போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

சந்து முனையில் ஒரு ஜெராக்ஸ் கடை உண்டு. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, சாப்பாட்டு நேரம். டீக்கடைக்காரர் "ஆதா கண்டா" என்றார். அரை மணி நேரம் ஒன்றரை மணி நேரமானது. ஜூன் மாத வெயிலில் ஷட்டரின் நிழல் என் செருப்பளவுக்குத்தான் இருந்தது. அந்த நேரத்தில் மனசு ஒரு வேலை செய்தது: கடையில் ஒன்றும் இருக்காது, இத்தனை நாளில் அழித்திருப்பார்கள், பிறகு யார் கையால் என்று யாராலும் சொல்ல முடியாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டே இருந்தது.

மூன்று ஐந்துக்குக் கடைக்காரர் வந்தார். கம்ப்யூட்டரைத் தட்டினார். கடையின் வாட்ஸ்அப் திரை முழுவதும் விரிந்தது. ஆதார் அட்டைகள், பள்ளிச் சான்றிதழ்கள், வாடகை ஒப்பந்தங்கள். ஓக்லாவின் பாதி ரகசியம் அங்கே வரிசையாக நின்றது. என் எண்ணைத் தேடச் சொன்னேன். கோப்பு இருந்தது. மருத்துவமனையின் பெயரும் எங்கள் கம்பெனியின் பெயரும் கோப்பின் பெயரிலேயே இருந்தன. அனுப்பியவன் நான். எங்கள் கம்ப்யூட்டரின் பதிவேடு கதவுவரைதான் பார்க்கும். கோப்பை இறக்கி, கையில் எடுத்துக்கொண்டு கதவைத் தாண்டுவதை அது பார்க்காது.

"வெள்ளை ஷெட்காரங்களும் இங்கதான் பிரிண்ட் எடுப்பாங்களா?" என்று இந்தியில் கேட்டேன்.

"எல்லாரும் இங்கதான் பாய் சாப். கூட்டமா இருந்தா அவங்களே உட்கார்ந்து எடுத்துக்குவாங்க." அவர் மவுஸைக் கோப்பின் மேல் கொண்டுபோனார். "டிலீட் கர் தூன்?"

அழித்துவிடட்டுமா என்று கேட்கிறார். ஒரு கிளிக்தான். என் போனிலும் அந்தச் செய்தியை நீக்கிவிட்டால் மிச்சம் இருப்பது கம்பெனிப் பதிவேட்டில் இரண்டு பெயர்கள் மட்டும். அதில் ஒருவன் வேலையை விட்டுப் போனவன், வெள்ளை ஷெட்டுக்கு இன்டர்வியூ போனவன். அவர் விரல் மவுஸின் மேல் இருந்தது. வாசலில் ஒரு பெண் "பையா, ஜல்தி" என்று அவசரப்படுத்தினாள்.

"ருகியே" என்று அவரை நிறுத்தினேன். போனை எடுத்து, திரையில் அனுப்பிய தேதியும் நேரமும் என் எண்ணும் தெரியும்படி மூன்று படம் எடுத்தேன். அதன் பிறகுதான் அழிக்கச் சொன்னேன்.

ஆபீசுக்கு வந்தபோது மூன்றரை. சுந்தரவல்லி கடிதத்தைத் தயாராக வைத்திருந்தார், கையெழுத்தோடு. அதில் ப்ரணவ் பெயர் இருந்தது.

"ஸ்கேன் பண்ணி அனுப்புங்க. உங்களுக்காக உக்காந்திருக்கேன்."

"இது பொய்க்கா." படங்களைக் காட்டினேன்.

அவர் போனை வாங்கிப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுக்கவில்லை.

"எனக்கு நூறு பாடம் எடுத்தீங்களே ஹரி! பெட்டி லேபிளைக் கிழிக்காம குப்பையில போட்டதுக்கு வடிவை அந்தக் கத்து கத்துனீங்களே! அஞ்சு ரூவா ஜெராக்ஸ் கடையில கொண்டுபோயி..."

"ஆமாக்கா."

"என்ன ஆமா? உங்க பேரைப் போட்டா என்ன ஆகும்னு தெரியுமா? அந்த மிஷினை யாரு பாக்குறது? நானா? எனக்கு அதுல பல்லி மாதிரி சத்தம் வரும்ங்கிறது மட்டுந்தான் தெரியும்."

"தெரியும்க்கா. அந்த வரியை எழுதினதே நான்தான்."

"பெறகு எதுக்கு? அந்தப் பய எப்பிடியும் இங்க இல்ல. கடைக்காரன் கையில இருந்ததையும் அழிச்சாச்சு. யாருக்குத் தெரியப் போவுது?"

"வெள்ளை ஷெட்காரனுக்குத் தெரியும், பட்டியல் எங்க கிடைச்சுதுன்னு. நாளைக்கு மருத்துவமனை அவனையும் கேக்கும். அவன் கடைப்பேரைச் சொல்லுவான். அப்ப நம்ம கடிதம் பொய்யாயிடும். ப்ரணவ் வேலையும் போயிருக்கும், முப்பத்தெட்டுப் பேர் வேலையும் போயிருக்கும்."

சுவர்க்கடிகாரத்தில் மூன்று நாற்பத்து மூன்று. அவர் தன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அந்தத் தாளை நான்காகக் கிழித்தார்.

"அடிங்க புதுசா. சுருக்கா."

அடித்தேன். எது: தேவைப் பட்டியல், 214 வரிகள். எப்படி: பிரிண்ட் எடுக்க வெளிக்கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பப்பட்டு, அங்கே அழிக்கப்படாமல் இருந்தது, படங்கள் இணைப்பில். யார் கையால்: ஹரிஷங்கர், தரவுப் பொறுப்பாளர். என் பெயரை அடிக்கும்போது இரண்டு தடவை தப்பாக விழுந்தது. அவர் கையெழுத்துப் போட்டார். மூன்று ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினேன்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நாம் அனுப்பிய நேரம் கணக்கில்லை. அவர்களுடைய கம்ப்யூட்டர் பெற்றுக்கொண்டதாகப் பதில் அனுப்பும் நேரம்தான் கணக்கு. நாலு ஆனது. நாலு நாலு. சுந்தரவல்லி என் தோளுக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றார். நாலு ஆறுக்குக் கரண்ட் போனது. யுபிஎஸ் பீப் பீப் என்றது. வடிவும் இன்னும் நாலு பேரும் கதவருகே வந்து நின்றார்கள். யாரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை.

நாலு ஏழுக்கு ஒரு வரி வந்தது. 'பெறப்பட்டது. பிரிவு 14, முப்பது நாள் அவகாசம் தொடங்குகிறது. ஹரிஷங்கரின் அனுமதி இக்கணம் முதல் நீக்கப்படுகிறது.'

அதற்குக் கீழே இருந்த என் பெயர் சாம்பல் நிறமானது. நான் நாற்காலியைவிட்டு எழுந்தேன்.

நாலு பதினொன்றுக்குப் பல்லி கத்துவதுபோல அந்தச் சத்தம் வந்தது. புது ஆர்டர். இணைப்பு உயிரோடு இருந்தது.

"ஹரி! ஏதோ வந்திருக்கு!"

"உங்க பேர்ல திறங்கக்கா. பாஸ்வேர்டு உங்க டைரியில கடைசிப் பக்கம். அதையும் மாத்தணும்." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே சாயங்கால வண்டி பின்வாங்கி ஷெட்டை ஒட்டி நின்றது.

"தொறந்துட்டேன். நெறையக் கட்டம் இருக்கு. இங்க வந்து பாருங்க."

"பாக்கக் கூடாதுக்கா."

"அட, ஒரு தடவை..."

"காணவோன்னு இருக்கு. நீங்க படிங்க, எண்ணை மட்டும் சத்தமா சொல்லாதீங்க. இடது மூலையில ஒரு நீலக் கட்டம் இருக்கா?"

"இருக்கு."

"அதுதான் ஆர்டர் நம்பர். முதல்ல அது நம்ம வரிசையில சேருதான்னு பாக்கணும். ஏன்னு சொல்றேன்..." ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, வண்டியின் பின்கதவைப் பார்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன்.